கருவிக்கும் திணை உண்டு

1994 ஏப்ரல் 1ஆம் தேதியோடு அண்டார்க்டிகாவில் நாய்களின் காலம் முடிந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த நாய்கள் அந்தக் கண்டத்தில் இருக்கக் கூடாது என்று 1991இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை கெடு விதித்திருந்தது. நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் சீல்களுக்குத் தொற்றிவிடும் என்பது முக்கியமான அச்சம். 1940களிலிருந்து பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு வாழ்ந்த ஹஸ்கி நாய்களின் கடைசிக் கூட்டம் அந்த ஆண்டு பிப்ரவரியில் ரொதேரா நிலையத்திலிருந்து விமானம் ஏறியது. பனிமேல் சுமை இழுக்கும் வேலை அதற்கு முன்பே ஸ்னோமொபைல் என்னும் இயந்திர வண்டிக்குப் போய்விட்டது. இப்போது நாய்களும் போயின. அந்த நிலத்தில் நாயைவிட இயந்திரமே தீங்கு குறைந்தது என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன.

அந்த நாய்கள் ஃபாக்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா வழியாகப் போய்ச் சேர்ந்த ஊர் இனுக்ஜுவாக். கனடாவின் கியூபெக் மாகாணத்து வடகோடியில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் இனுயிட் மக்களின் ஊர் அது. நூனவிக் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியில் 1950களின் நடுவிலிருந்து 1960களின் இறுதி வரை இனுயிட்டுகளின் சறுக்குவண்டி நாய்கள் ஆயிரத்துக்கும் மேல் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டன. நாய் போய் ஸ்னோமொபைல் வந்த அந்தக் காலத்தை அங்கே இன்றும் ஆறாத காயமாகவே பேசுகிறார்கள். இரண்டு துருவங்களிலும் நடந்த மாற்றம் ஒன்றுதான்: நாய் வெளியேறியது, வண்டி உள்ளே வந்தது. ஒரு துருவத்தில் அதற்குப் பெயர் பாதுகாப்பு. மறு துருவத்தில் இழப்பு.

கருவிகளைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டு பதில்களும் இங்கே போதவில்லை. கருவியின் மேல் குற்றமில்லை, அதைப் பிடித்திருக்கும் கையில்தான் நன்மையும் தீமையும் இருக்கிறது என்பது முதல் பதில். கருவிக்கே ஒரு குணம் உண்டு, அது யார் கையில் இருந்தாலும் தன் வழிக்கே மனிதனை இழுத்துப்போகும் என்பது இரண்டாவது. அண்டார்க்டிகா ஆய்வாளரின் மனமும் நூனவிக் வேட்டைக்காரரின் மனமும் ஒன்றைவிட ஒன்று தாழ்ந்தவை அல்ல. இயந்திரமும் ஒன்றே. ஆனாலும் விளைவு வேறு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, உயிர், தொழில், பறை எல்லாவற்றையும் அதற்குப் பின்னே கருப்பொருளாக வைத்தது. மனிதர்களின் ஒழுக்கம் அந்த நிலத்தில்தான் உருப்பெறும் என்பது அதன் உள்ளுறை. ஐந்திணையில் உறைபனி நிலம் இல்லை. ஆனால் அந்த வரிசைமுறை, நிலம் முதலில் கருவி பிறகு என்னும் அந்த ஒழுங்கு, ஸ்னோமொபைலின் அறத்தை யோசிக்க மிகவும் உதவுகிறது.

வண்டி எளிமையானது. முன்னால் திரும்புவதற்கு இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் பற்கள் பதித்த அகலமான ரப்பர்ப் பட்டை, நடுவில் இன்ஜின். வலது கைக் கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தினால் பட்டை சுழன்று வண்டியை முன்னே தள்ளும். எடை பட்டையின் பரப்பு முழுவதும் பரவுவதால், மனிதன் இடுப்பளவு புதையும் பனியிலும் வண்டி மிதந்து போகும்.

இதற்குத் தந்தையர் பலர். விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் 1924லேயே ஒன்றைச் செய்தார். ஆனால் கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த மெக்கானிக் ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் கதைக்கு ஒரு தனிக் கனம் உண்டு. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. சாலையெல்லாம் பனியில் மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்துபோனான். பனிமேல் ஓடும் வண்டிக்காக அதற்கு முன்பிருந்தே உழைத்துக்கொண்டிருந்த அந்தத் தந்தை, 1937இல் பட்டையை ஓட்டும் பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்த பெரிய வண்டிகளில் டாக்டர்கள் போனார்கள், தபால் போனது, பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். 1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளின் பனியை அகற்றத் தொடங்கியதும் அந்த வண்டிகளின் தேவை சரிந்தது. பிறகு 1959இல் ஓரிருவர் மட்டும் ஏறும் சிறிய வண்டி வந்தது: ஸ்கி-டூ. அதை முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று ஒன்டாரியோவின் வடக்கே ஓஜிப்வே மக்கள் வாழும் லான்ஸ்டவுன் ஹவுஸ். ஓட்டியவர் அங்கே ஊழியம் செய்த கத்தோலிக்கக் குரு மோரிஸ் உய்மே. நோயாளியைப் பார்க்கவும் பூசை வைக்கவும் பல மைல் பனியைக் கடக்க வேண்டியவர் அவர்.

பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1971 வாக்கில் வட அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் இந்த வண்டிகள் விற்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்காகவே வாங்கினார்கள். ஒரு தந்தையின் துக்கத்தோடும் ஒரு குருவின் ஊழியத்தோடும் பிறந்த வண்டிக்கு அந்தப் புண்ணியம் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டால், ஒட்டிக்கொள்ளாது என்பதுதான் நேர்மையான விடை. வண்டி எந்த நிலத்தில் போய் இறங்குகிறதோ அங்கே கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

அப்படி அது இறங்கிய ஊர்களில் மிகக் கூர்மையாகக் கவனிக்கப்பட்டது ஃபின்லாந்தின் செவெட்டியார்வி. ஸ்கோல்ட் ஸாமி என்னும் சிறு இனத்தார் அங்கே வாழ்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்சாமோ பகுதி சோவியத் கைக்குப் போனதால் ஊரிழந்து, 1949 வாக்கில் ஏரிக்கரைகளில் குடியமர்த்தப்பட்டவர்கள். ரெயின்டீர் என்னும் பனிமான்தான் அவர்களுக்கு இறைச்சி, தோல், வண்டி, சீதனம் எல்லாம். குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் ஒரு மானைக் கொடுப்பார்கள். அந்த மானும் அது ஈனும் கன்றுகளும் பிள்ளையின் சொத்து. ஒவ்வொரு குடும்பமும் தன் மான்களின் காதில் தனக்கே உரிய வெட்டு அடையாளம் இடும். குளிர்காலத்தில் மான்கள் வீட்டுப் பக்கத்திலேயே மேயும். வசந்தத்தில் சினை மான்களை அருகிருந்து பார்த்துக்கொள்வார்கள். மனிதனின் வாசனைக்கும் குரலுக்கும் பழகிய மான்கள் அவை.

1960களின் தொடக்கத்தில் முதல் ஸ்னோமொபைல் வந்தது. பெர்ட்டி பெல்டோ என்ற மானிடவியலாளர் 1950களின் இறுதியிலிருந்தே அந்த ஊரை அறிந்தவர். அதனால் மாற்றத்தின் முன்னும் பின்னும் அவர் கண்முன்னே இருந்தன. மளிகை வாங்க நார்வே எல்லை வரை மான் வண்டியில் போய்வர மூன்று நாள் ஆன பயணம் ஐந்து மணி நேரமாயிற்று. யார்தான் வேண்டாம் என்பார்கள்? பத்தாண்டுக்குள் ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் வண்டி நின்றது. மந்தையை வளைத்து ஓட்டவும் வண்டியே வந்தது. அந்தச் சத்தத்தில் மான்கள் மிரண்டு ஓடின. வண்டி வந்தால் ஓட வேண்டும் என்று பழகின. வீட்டருகே மேய்ந்த சிறு மந்தைகள் கலைந்து பெருமந்தைகளாகின. மான் மீண்டும் காட்டு விலங்கைப் போலாயிற்று. பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் காசு வேண்டும். காசுக்கு மானை விற்க வேண்டும். மான் குறைந்தால் வண்டிச் செலவுக்கு மேய்ச்சல் கட்டுப்படியாகாது. வீட்டுக்குச் சராசரியாக 52 மான்கள் இருந்த ஊரில் 1971இல் 12தான் இருந்தன என்று பெல்டோ 1973இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் மான் வளர்ப்பையே விட்டுவிட்டன. பெரிய மந்தையும் கையில் காசும் உள்ள சிலர் நிலைத்தார்கள். ஓரளவு சமமாக வாழ்ந்த ஊருக்குள் மேடு பள்ளம் உண்டானது.

இதில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று நாள் குளிரில் போவதைத் தவிர்க்க நினைத்தவர் மேல் எந்தச் சாத்திரம் குற்றம் சுமத்தும்? கையில்தான் குற்றம் என்ற வாதம் இங்கே உடைகிறது. கையையே வண்டி மாற்றிவிட்டது. மானின் பக்கத்தில் நடந்து பழகிய கை, இப்போது அதைத் துரத்திப் பிடிக்கும் கை.

அப்படியானால் இயந்திரத்தின் குணமே அதுதான் என்று முடிவு கட்டலாமா? ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தைப் பார்த்தால் அதுவும் முடியாது. அங்கே நெனெட்ஸ் மக்களும் ரெயின்டீர் மேய்ப்பவர்கள்தான். ரைபின்ஸ்க் ஆலையில் 1971 முதல் தயாரான புரான் வண்டி அவர்களிடமும் உண்டு. பிறகு ஜப்பான் வண்டிகளும் வந்தன. ஆனால் மான் வண்டி அங்கே சாகவில்லை. குடும்பம் முழுவதும் தோல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு, மான்கள் இழுக்கும் சறுக்குவண்டி வரிசையாய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடம்பெயர்கிறது. கோடையிலும் அதே சறுக்குவண்டிதான், புல்லின் மேல். பனியில்லாத மாதங்களில் ஸ்னோமொபைல் வெறும் இரும்பு. மான் பன்னிரண்டு மாதமும் இழுக்கும். மந்தையோடு ஆண்டு முழுவதும் வாழ்பவருக்கு மான் பழகியே தீர வேண்டும். செவெட்டியார்வியில் வீடு நிலையானது, வீட்டருகே மேயாத காலத்தில் மந்தை தூரத்தில். அந்தத் தூரத்தைத்தான் வண்டி நிரப்பியது, நிரப்பும்போதே அதை இன்னும் அகலமாக்கியது. யமாலில் நிரப்ப அந்தத் தூரமே இல்லை.

அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் மெய்யியல் கற்பித்த ஆல்பர்ட் போர்க்மன், 1984இல் வெளிவந்த தன் நூலில் வீட்டுக் கணப்பை உதாரணமாகக் காட்டினார். கணப்பு இருந்த வீட்டில் ஒருவர் விறகு பிளப்பார், ஒருவர் விடியலில் தீ மூட்டுவார், எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவார்கள். பிறகு வந்த மத்திய வெப்பமூட்டி அதே சூட்டைத் தருகிறது. ஆனால் அந்த வேலையும் உறவும் திறமையும் அதோடு வருவதில்லை. சாதனம் பயனை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்கிறது, அதைச் சூழ்ந்திருந்த வாழ்வைக் கழற்றிவிடுகிறது என்பது அவர் வாதம். ஸ்னோமொபைலுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது எளிது. பயணத்திலிருந்து தூரத்தைக் கடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நாயையும் மானையும் வழியறிவையும் விட்டுவிடும் வண்டி என்று சொல்லிவிடலாம்.

கிளாடியோ அபோர்ட்டா, எரிக் ஹிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவின் நூனவுட் பகுதியிலுள்ள இக்லூலிக் தீவில் இந்த வாதத்தையே சோதித்தார்கள். 2005இல் வெளியான அவர்களது கட்டுரை முக்கியமாக ஜிபிஎஸ் பற்றியது என்றாலும், அதற்கு முன்னோடியாக ஸ்னோமொபைலையும் பேசுகிறது. இக்லூலிக் வேட்டைக்காரர் வழி அறிவது காற்றால். உவாங்னாக் என்னும் வடமேற்குக் காற்று தரைப்பனியைச் செதுக்கி, நாக்கு வடிவில் இறுகிய மேடுகளை உண்டாக்குகிறது. உகலுராயிட் என்பது அவற்றின் பெயர். எந்தக் கோணத்தில் அவற்றைக் குறுக்கே கடக்கிறோம் என்பதே திசை. இருட்டிலும் மூட்டத்திலும் கண் தேவையில்லை, வண்டி ஏறி இறங்கும் அசைவிலேயே உடம்பு அறியும். நாய் வண்டியில் தந்தையும் மகனும் பேசிக்கொண்டே போகலாம். மேட்டின் பெயர், பாறையின் கதை எல்லாம் வழியிலேயே கைமாறும். இன்ஜின் இரைச்சலில் அந்தப் பேச்சு நின்றுபோனது. வேகத்தில் மேடுகள் கண்ணுக்குத் தப்பின.

இழப்பு மெய்தான். ஆனாலும் அதே வண்டி இல்லாவிட்டால் சனி, ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கும் சம்பளக்காரர் ஒருவர் வேட்டைக்கே போக முடியாது. நாய்க்கூட்டம் வைத்திருந்தால் அதற்கே ஆண்டு முழுவதும் இறைச்சி தேட வேண்டும். கடையில் விற்கும் உணவு விமானத்தில் வந்து விலை எகிறிக் கிடக்கும் ஊர்களில், சீலும் கரிபூ என்னும் காட்டுப் பனிமானும் வேட்டையாடிக் கொண்டுவந்து அண்டை வீட்டாருக்கும் பகிர்வதை இன்று சாத்தியமாக்குவது வண்டிதான். அது இழுத்துப்போகும் கமுதிக் சறுக்குவண்டியைப் பார்த்தால் இது விளங்கும். நீண்ட இரண்டு மரச்சட்டங்கள், குறுக்கே பலகைகள், ஆணிக்குப் பதில் கயிற்றுக்கட்டு. கரடுமுரடான கடற்பனியில் ஆணியடித்த வண்டி உடைந்துவிடும். கயிற்றில் கட்டியது வளைந்து கொடுக்கும். முன்னால் ஓடுவது தொழிற்சாலையில் வந்தது, பின்னால் வருவது பாட்டன் கட்டியதைப் போலவே கட்டியது. இனுயிட் வேட்டைக்காரர் கிளம்பும்போது கூடுதல் பெல்ட், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் கேன் எடுத்துவைப்பார். முடிந்தவரை இரண்டு வண்டியாகப் போவார்கள். ஒன்று நின்றால் நாற்பது டிகிரிக் குளிரில் மற்றது உயிர். அந்த நிலம் ஓட்டுபவர் மேல் வைத்த பிடியை இன்னும் விடவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் தெளிகிறது. இந்த வண்டி இந்த இடத்தில் ஓட்டுபவரின் கவனத்தை நிலத்தின் மேல் வைத்திருக்கிறதா, நிலத்தை மறக்க விடுகிறதா? மறக்கும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்?

நூனவிக்கில் விலை கொடுத்தவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. நாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்ற சட்டம், நோய், குழந்தைகளை நாய் கடித்துவிடும் என்ற பயம் ஆகிய காரணங்களைக் காட்டி நாய்கள் சுடப்பட்டன. பணிக்கு ஓடிப் பழகிய நாயைக் கட்டிப்போட்டால் அது வீணாகிவிடும் என்பது உரியவருக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. நாயில்லாதவர் வேட்டைக்குப் போக முடியாது. ஸ்னோமொபைல் வாங்கப் பணமில்லாதவர் அரசு உதவிக்குக் கையேந்த வேண்டியதாயிற்று. நாய்களைத் தாமாகவே விட்டு வண்டிக்கு மாறியவர்களும் உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்து மாறுவதும், எடுக்கப்பட்டபின் வேறு வழியின்றி மாறுவதும் ஒன்றல்ல. வண்டியின் அறத்தில் பாதி அது வந்த விதத்தில் இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான்-ஜாக் குரோட்டோவின் அறிக்கை 2010இல் இதைப் பதிவு செய்தது. 2011இல் கியூபெக் அரசு தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. கனடா மைய அரசின் மன்னிப்புக்கு 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நூனவிக்கின் காங்கிக்சுஜுவாக் ஊருக்குப் போய் நேரில் சொன்ன அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி, யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். நான்கு கோடியே ஐம்பது லட்சம் டாலர் ஈடும் அறிவிக்கப்பட்டது. நாய் வண்டி மரபை மீட்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அரசு ஒன்று மனிதர்களின் நாய்களைக் கொன்றதற்காக மன்னிப்புக் கேட்பது உலகில் அரிது. வாழ்வாதாரம் என்ற ஒன்றுக்குள் எத்தனை உயிர்கள் பின்னிக் கிடக்கின்றன என்பதை அந்த மன்னிப்பு ஏற்றுக்கொண்டது.

மலைக்கு வந்தால் வண்டியே வேறு உருவம் எடுக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங்கிலும் உள்ள மலைகளில் ஓட்டுபவர்களின் ஆசை, யாரும் மிதிக்காத மாவுப்பனி. அதற்காகப் பட்டையின் நீளம் 13, 14 அடி வரை போகிறது. ரப்பர்ப் பற்கள் மூன்று அங்குலம் வரை. செங்குத்தான சரிவில் யார் அதிக உயரத்துக்கு ஏறித் தடம் பதிப்பது என்று போட்டி போடுவார்கள். அந்தச் சரிவுகள்தான் பனிச்சரிவு உடையும் சரிவுகளும். 2010 மார்ச் 13 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் அப்படி ஒரு கூட்டம் கூடியிருந்தபோது மேலிருந்து பனி உடைந்து இறங்கியது. இருவர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இக்லூலிக்கில் வேலையின் பகுதியாக வரும் ஆபத்து இங்கே தேடிப்போவதாகிறது. இதைக் கண்டிப்பது சுலபம். ஆனால் அந்தச் சரிவில் ஓட்டுபவர்களில் பலர் புதைந்தால் இடம் காட்டும் ரேடியோ கருவி, மண்வெட்டி, துழாவுகோல் சுமந்து, பனி அடுக்குகளை வெட்டிப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நிலத்தை அவர்கள் மறக்கவில்லை.

மறந்தது வேறொன்றை. அதே மலைகளில் மலைக் கரிபூ வாழ்கிறது. அகன்ற குளம்புகள் அதற்குப் பனிக்காலணி. ஓநாய் புதைந்துபோகும் ஆழப்பனிதான் அதன் கோட்டை. குளிர்காலம் முழுவதும் உயரத்தில் நின்று பழைய மரங்களில் தொங்கும் லைக்கன் என்னும் பாசிக்காளானைத் தின்று பிழைக்கும். ஸ்னோமொபைல் போன தடம் இறுகிக் கெட்டியாகும். ஓட்டியவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார், தடம் கிடக்கும். அந்தத் தடத்தில் ஓநாய் நடந்து மேலே வரும். பழங்காட்டை வெட்டியதுதான் கரிபூவின் அழிவுக்கு முதன்மைக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் தடத்தின் பங்கு சிறிதல்ல. பிரிட்டிஷ் கொலம்பியா அரசு 2009இல் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் மலைநிலத்தை ஸ்னோமொபைல்களுக்கு மூடியது. தெற்கு செல்கர்க் மலைகளின் கரிபூ மந்தைக்கு அது பிந்திப்போயிற்று: 2018இல் அதில் எஞ்சியவை மூன்று பெண் கரிபூக்கள் மட்டுமே.

கரிபூவைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஓட்டியவரிடம் கடுகளவும் இல்லை. அவர் கரிபூவைக் கண்டதுகூட இல்லை. எண்ணம் இல்லாத தீங்கு தீங்காகுமா? தமிழில் இந்தக் கேள்வி பழையது. சமண நூலான நீலகேசி பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களில் புலால் உண்பதும் ஒன்று. தான் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் இல்லை, ஆகவே உண்பவனுக்குப் பாவமில்லை என்ற தரப்பை நீலகேசி விடுவதில்லை; நீ உண்பதால்தானே கொலை நடக்கிறது என்று காரணச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள். மழைக்காலத்தில் உயிர்களை மிதிக்க நேரும் என்று பயணத்தையே நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் துறவிகளின் மரபிலிருந்து வரும் வாதம் அது. நடந்த பின் தடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் நடந்தவர் பொறுப்பு என்று எண்ணும் அந்த மரபுக்கு, செல்கர்க் மலையின் கெட்டிப்பனித் தடம் புரியாத விஷயமே அல்ல. எண்ணத்தை மட்டும் எடைபோடும் அறம் நிலத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறது. கரிபூ விஷயத்தில் சமணத் தரப்பே சரி.

சமவெளிகளில் சிக்கல் இவ்வளவு கூரானதல்ல. மினசோட்டா, விஸ்கான்சின், கியூபெக்கில் ஸ்னோமொபைல் என்றால் பாதை. கியூபெக்கில் மட்டும் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பகுதி விவசாயிகளின் சொந்த நிலத்தின் வழியாக, அவர்கள் ஆண்டுதோறும் தரும் அனுமதியால் போகிறது. ஊர் மன்றத்தார் கூலியில்லாமல் இரவில் பாதையைச் சமன்செய்கிறார்கள். பாதையை விட்டு ஒருவர் வயலுக்குள் ஓட்டினால் அடுத்த ஆண்டு அந்த விவசாயி வழி கொடுக்கமாட்டார், முழுப் பாதையும் அறுந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நார்வே 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் காட்டுவெளியில் உல்லாசத்துக்காக வண்டி ஓட்டுவதை அடிப்படையிலேயே தடுத்தது. மான் மேய்ப்பவருக்கும் மீட்புப் பணிக்கும் உண்டு, மற்றவருக்குக் குறித்த பாதைகள் மட்டும். பக்கத்திலிருக்கும் ஸ்வீடனில் பனி மூடிய நிலத்தில் பெரும்பாலும் போகலாம். ஒரே மலைத்தொடர், எல்லைக்கோடு மட்டும் குறுக்கே.

யெல்லோஸ்டோனில், எங்கே ஓட்டலாம் என்னும் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்காவான அங்கே 1963இல் முதல் ஸ்னோமொபைல்கள் நுழைந்தன. 1990களில் கூட்டம் மிகுந்த நாட்களில் ஆயிரத்துக்கும் மேல். எல்லாம் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பழைய ஆட்டோக்கள் கக்கிய அதே நீலப்புகை, அசையாத குளிர்காற்றில் தரையோடு தேங்கும். மேற்கு நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கும் ஊழியர்களின் அறைக்குள் நல்ல காற்றைக் குழாய் வழியே செலுத்த வேண்டியிருந்தது. கிளின்டன் அரசு தன் கடைசி நாட்களில் தடை விதித்தது. புஷ் அரசு அதைத் தளர்த்தியது. வாஷிங்டன் நீதிபதி ஒன்று சொன்னார், வயோமிங் நீதிபதி வேறு சொன்னார். 2013இல்தான் ஒரு முடிவு கிட்டியது. நாளொன்றுக்கு அதிகபட்சம் 110 பயணக் குழுக்கள், அவற்றில் ஸ்னோமொபைல் குழுக்கள் 50க்கு மேல் கூடாது, குழுவுக்குப் பத்து வண்டிக்கு மேல் கூடாது, புகைக்கும் சத்தத்துக்கும் வரம்பு, வழிகாட்டியோ பயிற்சி பெற்ற தலைவரோ கட்டாயம். இக்லூலிக்கில் குளிரும் பனியும் ஓட்டுபவரிடம் கேட்டு வாங்கும் கவனத்தை இங்கே சட்டம் கேட்டு வாங்குகிறது. சாலையில் நின்று வழிமறிக்கும் காட்டெருமைக்கு வண்டி ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும் என்பதை வழிகாட்டி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அலாஸ்கா இன்னும் நுட்பமான முடிச்சைப் போட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட நிலங்களிலும் மரபார்ந்த செயல்களுக்கு ஸ்னோமொபைல் ஓட்டலாம் என்றது. அலாஸ்கா மக்களுக்கு அந்த உரிமை உயிர்நாடி. ஆனால் எது மரபு? டெனாலி பூங்காவின் பழைய பகுதியில் உல்லாசமாக ஓட்டுவதும் மரபுதான் என்று ஒரு தரப்பு வழக்காடியது. 2000ஆம் ஆண்டில் பூங்காத் துறை விதி எழுதியது: வேட்டை, கண்ணி வைத்தல், மீன்பிடித்தல், பழம் பறித்தல் போல நிலம் தருவதை எடுத்துப் பயன்படுத்துவதே மரபார்ந்த செயல்; ஓட்டுவதற்காகவே ஓட்டுவது அதில் சேராது. அந்த விதி பழைய டெனாலிக்கு மட்டும் உரியது. எனினும் இயந்திரத்தின் வயதையோ புதுமையையோ பாராமல், போனவர் நிலத்தோடு என்ன உறவில் போனார் என்பதைப் பார்த்து மரபைத் தீர்மானித்த அரசாணை இது. நாற்பதாண்டுப் பழக்கமுள்ள இன்ஜினும் மரபுக்குள் அடங்கும் என்று ஒப்புக்கொண்டதிலும், அதே இன்ஜினில் போகும் இன்னொரு பயணம் அடங்காது என்று மறுத்ததிலும் உறுதியான நியாயம் இருக்கிறது.

இப்போது நிலமே மாறிக்கொண்டிருக்கிறது. கடற்பனி பிந்தி உறைகிறது, முந்தி உருகுகிறது. மெல்லிய பனியை மோப்பத்தாலும் பாதத்தாலும் உணர்ந்து நாய் நின்றுவிடும். வண்டிக்கு அந்த அறிவு கிடையாது. முழு வேகத்தில் ஓட்டுபவரோடு உள்ளே இறங்கிவிடும். மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த பாதையும் பருவமும் தவறிப்போகின்றன. கனடாவின் லாப்ரடார் பகுதியிலுள்ள நைன் போன்ற ஊர்களில் ஸ்மார்ட்ஐஸ் என்ற அமைப்பு இதற்கு ஒரு வேலை செய்கிறது: ஸ்னோமொபைலுக்குப் பின்னால் கட்டிய கமுதிக்கில் மின்காந்த உணர்கருவியை வைத்து இழுத்துப்போய்ப் பனியின் தடிமனை அளக்கிறார்கள். ஓட்டுபவர்கள் அந்தந்த ஊர் இனுயிட் இளைஞர்கள். எங்கே அளப்பது என்பதைக் கருவி செய்தவர்கள் முடிவு செய்வதில்லை. நீரோட்டம் எங்கே பனியைக் கீழிருந்து அரிக்கும், வேட்டைக்கு எந்த வழியாகப் போவார்கள் என்றறிந்த ஊர்க்குழுவே பாதையைக் குறித்துக் கொடுக்கிறது. அளந்து வந்த வரைபடம் மறுபடி அந்த ஊருக்கே போகிறது.